மூணாவது பேரு

உட்காருங்க தம்பி, உட்காருங்க. இந்த ஃபேனுக்கு அடியிலயே உட்காருங்க, குழந்தைக்குக் காத்து வேணுமில்லீங்களா. நீங்க சௌடேஸ்வரியோட வீட்டுக்காரர்தானுங்களே? சாயங்காலமானா காலேஜ் கேட்டுகிட்ட பைக்கோட நிப்பீங்க, பார்த்திருக்கேன். பேக்கரி வச்சிருக்கீங்கன்னு கேள்வி. வாசல்ல குடுத்த பஃப்ஸ் உங்க கடையுதுங்களா? நல்லாருக்குதுங்க. ஆளுக்கு ஒண்ணுன்னாங்க, நான் ரெண்டு எடுத்துக்கிட்டேன்.

என்னைத் தெரியலீங்களா? வெள்ளியங்கிரி. சென்டர் வெள்ளியங்கிரி. வீட்டுல என்ற பேரைச் சொன்னதே இல்லீங்களா? சொல்லியிருக்காதுங்க. ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கறதுதானுங்களே உலகம்.

அட, சிரிச்சுக்கிட்டே தலையாட்டறீங்க. நான் எதுக்கு வந்திருக்கேன்னு கேக்கலீங்களே? பப்ளிக் வைவாங்க தம்பி இது. அஞ்சாறு வருசம் ஆராய்ச்சி பண்ணினதை இன்னிக்கு எல்லார் முன்னாலயும் நின்னு சொல்லோணும். யாரு வேணும்னாலும் வரலாம். யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம். நானும் ஒரு கேள்வி கேக்கத்தான் வந்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணுக்கு அம்மணியால பதில் சொல்ல முடியாதுங்க. பதில் வரலீன்னா வெளியூர்ல இருந்து வந்திருக்கற பரீட்சகரம்மா பட்டத்தை நிறுத்தி வச்சுட்டுப் போயிருவாங்க.

பதறாதீங்க. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. நீங்க யாரு, நான் யாரு. தெரியுமுங்க, காலேஜ்ல வேலை சொல்லியிருக்காங்கன்னு தெரியும். இந்த மாசத்துக்குள்ள பட்டம் முடிஞ்சாத்தான் சேர்த்துக்குவாங்கன்னும் தெரியும். அதுக்காக நாயம் இல்லாம போயிருமுங்களா? முதல்ல சென்டர்னா என்னன்னு சொல்லிப்போடறேன், அப்பத்தான் என்ற பக்கம் உங்களுக்குப் புரியும்.

ஊருக்கு ஒரு மாவு மில்லு இருக்குதில்லீங்களா. வீட்டுக்கு வீடு மில்லு வைக்க முடியாது, அவங்கவங்க தானியத்தைக் கொண்டுபோய் அரைச்சுட்டு வந்துருவாங்க. எங்க சென்டரும் அப்படித்தானுங்க. மருந்து, சாயம், எதுவா இருந்தாலும் பிரிச்சுப் பார்த்தா மாலிக்யூல்தானுங்களே. அந்த மாலிக்யூல் எப்படி நிக்கும், என்ன நிறத்துல ஒளி விடும்னு கணக்குப் போட்டுச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்குதுங்க. யானை விலை. தனியா ஒரு காலேஜால வாங்க முடியாது. அதனால எங்க சென்டர்ல பெரிய மெஷின் ஒண்ணு போட்டு, எல்லா சாஃப்ட்வேரையும் அதுல வச்சிருக்கோம். சுத்துப்பட்டுல ஆராய்ச்சி பண்ற வாத்தியாருங்க, புள்ளைங்க எல்லாரும் அவங்கவங்க எடத்துல இருந்தே உள்ள வந்து கணக்கு ஓட்டிக்கலாம். அந்த மில்லுக்காரன் நானுங்க.

ஆனா மெஷினுக்கு என்ன செய்யணும்னு வரிவரியா எழுதிக் குடுக்கோணும். ஒரு புள்ளி மாறினாலும் ஓடாது. புதுசா வர்ற புள்ளைங்க கண்ணைக் கசக்கிட்டு நிக்கும். அதைப் பார்க்க மாட்டாமத்தான் நான் ஒரு மாதிரி ஃபைல் எழுதி வச்சேன். டெம்ப்ளேட்டும்பாங்க. மாலிக்யூலை மட்டும் உள்ள போட்டு பட்டனை அமுக்கினாப் போதும், மத்ததெல்லாம் என்ற ஃபைல் பார்த்துக்கும். உறைமோர் மாதிரிங்க தம்பி. எத்தனை காலேஜ்ல என்கிட்ட ஒரு கரண்டி வாங்கிட்டுப் போய் உறை ஊத்தியிருக்காங்க தெரியுங்களா? இன்னும் சொல்றேன், புதுசா வர்றதுங்க கண்டதையும் மாத்திக் கெடுத்துரும்னு அதுல சில வரியை யாரும் தொட முடியாதபடி நானே பூட்டி வச்சேன். அவ்வளவு அக்கறை.

பதிலுக்கு நான் என்ன கேட்டேன்? பேப்பர் போட்டா என்ற பேரையும் ஒரு ஓரமாப் போடுங்கன்னேன். அவ்வளவுதானுங்க. ஒரு பேரு போடறதுல என்ன குறைஞ்சு போயிரும்? நானும் ஆராய்ச்சிக்குப் பதிஞ்சவன்தான். நடுவுல நின்னுபோச்சு. அது வேற கதை, அதை விடுங்க. பேருக்கு முன்னால டாக்டர் இல்லாட்டிப் போகுது, பேப்பருக்கு மேல பேரு இருக்குதில்லீங்களா.

உங்க வீட்டுல முதல் பேப்பர் போட்டப்பவும் அப்படித்தான். தண்ணியில ஈயம் கலந்திருந்தா ஒளி விட்டுக் காட்டிக் குடுக்கற ஒரு பொருள், அதுதான் அம்மணியோட ஆராய்ச்சி. பொருளைச் செய்யறதுக்கு முன்னாலயே நம்ம சென்டர்ல கணக்கு ஓட்டுச்சு. ஈயத்தைப் புடிச்சா இது சிவப்பா ஒளிரும்னு கணக்கு சொல்லுச்சு. அதை வச்சு ஒரு பேப்பர். மேல மூணு பேரு. சௌடேஸ்வரி, அப்புறம் வழிகாட்டி தில்லைநாயகி மேடம், மூணாவதா வெள்ளியங்கிரி. பிரிண்ட் எடுத்து என்ற மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சிருந்தேனுங்க.

அப்புறந்தான் வந்துச்சு கெரகம். லேப்ல நிஜமாவே அந்தப் பொருளைச் செஞ்சு பார்த்தா, பச்சையா ஒளிருதாம்! கணக்கு சிவப்புங்குது, பாட்டில் பச்சைங்குது. அம்மணி எனக்குப் போன் பண்ணி, "சார், டெம்ப்ளேட்டை ஒருக்கா பார்க்கறீங்களா"ன்னு கேட்டுச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? எத்தனை வருசமா ஓடிட்டிருக்குது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "மெஷின் பொய் சொல்லாதும்மா, உன்ற கையிலதான் ஏதோ கோளாறு, சோதனையைத் திரும்பப் பண்ணு"ன்னேன். தில்லைநாயகி மேடமும் அதையேதான் சொன்னாங்க.

பண்ணுச்சு. திரும்பத் திரும்பப் பண்ணுச்சு. அப்ப மாசமா இருந்துச்சில்லீங்களா, அந்த வயித்தோட நின்னு நின்னு பண்ணுச்சு. காலு ரெண்டும் வீங்கிப் போச்சுன்னு லேப்ல பேசிக்கிட்டாங்க. ஆமாங்க, உங்களுக்குத் தெரியாததா. அப்பவும் பச்சை. ஒவ்வொரு தடவையும் பச்சை. நான் சொன்னதையேதான் சொன்னேன். ஆளுக்கேத்த மாதிரி பேச்சை மாத்தற பழக்கம் என்கிட்ட இல்லீங்க.

அப்புறம் பிரசவ லீவுல போச்சு. போன புள்ளை குழந்தையைப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானுங்களே? மெஷின் கக்கின அவுட்புட்டை வரிவரியாப் படிச்சிருக்குது. அதை யாருமே முழுசாப் படிக்க மாட்டாங்க தம்பி, கடைசிப் பக்கத்துல விடையை மட்டும் பார்த்துட்டு மூடிருவாங்க. இது படிச்சிருக்குது. நடுவுல ஒரு எடத்துல, இந்தப் பொருளோட மின்சுமை, அதாவது சார்ஜ், பூஜ்யம்னு போட்டிருக்குது. ஈயத்தைப் புடிச்ச பொருளுக்கு ரெண்டு பிளஸ் இருக்கோணும். பூஜ்யம்னு சொன்னது யாருன்னா, என்ற டெம்ப்ளேட்டாம். அந்தப் பூட்டின வரியாம், அதனாலதான் சிவப்புன்னு தப்பா வந்துச்சாம்.

சரிங்க, ஒத்துக்கறேன், வரி அப்படித்தான் இருந்துச்சு. முக்காவாசிப் பேரு பொருளுக்குப் பூஜ்யம்தான் சரி. இதுல விசித்திரம் என்னன்னா, ஒரு பிளஸ் தப்பாப் போயிருந்தா மெஷினே கத்தியிருக்கும், ஓடமாட்டேன்னு நின்னிருக்கும். ரெண்டு போனதால எலெக்ட்ரான் கணக்கு ஜோடி ஜோடியாச் சேர்ந்துருச்சு, கம்முனு ஓடிப்போச்சு. இதுல என்ற தப்பு எங்கீங்க இருக்குது? அரைக்கற தானியத்துல கல்லு கெடந்தா மில்லுக்காரனையா புடிப்பீங்க?

என்னங்க? கல்லு மில்லுக்குள்ள இருந்துச்சுங்கறீங்களா? அட, நீங்களும் அம்மணி பக்கமே பேசறீங்களே. பேசுவீங்க, பேசுவீங்க. தாலி கட்டினவரு.

சரி, தெரிஞ்சுதில்ல, என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாமா இல்லியா? சொன்னேங்குது. போன் பண்ணுச்சாம், நான் எடுக்கலியாம். எனக்கு ஆயிரம் சோலி. உடனே என்ன பண்ணுச்சு தெரியுங்களா? சென்டர்ல கணக்கு ஓட்டற எல்லாரும் இருக்கற வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருச்சு. "டெம்ப்ளேட்டுல மின்சுமை பூஜ்யம்னு பூட்டியிருக்கு, எல்லாரும் அவங்கவங்க கணக்கைச் சரிபார்த்துக்குங்க"ன்னு. என்ற பேரைப் போடலை. ஆனா டெம்ப்ளேட்டுன்னா யாருன்னு தெரியாதுங்களா? அன்னிக்குப் பூரா போன் மேல போன். எங்க டைரக்டர் கூப்பிட்டு விளக்கம் கேட்டாரு. வருசா வருசம் கண்ணை மூடிட்டு நீட்டிச்சுட்டு இருந்த என்ற காண்ட்ராக்டை, பார்க்கலாம் வெள்ளியங்கிரின்னு சொல்லிட்டாரு. இந்த வயசுல நான் எங்கீங்க போவேன்?

அதுக்கப்புறம் அம்மணிகிட்ட இருந்து மெயில் மேல மெயில் வந்துச்சு. நான் ஒண்ணையும் திறக்கலீங்க. சமாதானம் பேச வந்திருக்கும். ஊரு முன்னால கல்லை விட்டெறிஞ்சுட்டு அப்புறம் மருந்து தடவ வந்தா விட்டுருவனா? அப்பவே முடிவு பண்ணிட்டேன். நீ எல்லார் முன்னாலயும் சொன்ன, நானும் எல்லார் முன்னாலயுந்தான் கேப்பேன்.

என்ன கேப்பேனா? அந்த முதல் பேப்பர் தப்பு. தப்புன்னு அதுவே குரூப்புல சொல்லிருச்சு. தப்பான பேப்பரை வெளிய உலாவ விட்டுட்டு, அதைக் காட்டி உனக்கு எப்படிம்மா பட்டம் குடுக்கறதுன்னு கேப்பேன். ஆமாங்க, அதுல என்ற பேரும் இருக்குதுதான். இருந்தா என்ன? நான் மூணாவது பேரு. மூணாவது பேருக்கு யாருங்க பொறுப்புக் கேப்பாங்க?

ஸ்ஸ்... தில்லைநாயகி மேடம் எந்திரிச்சுட்டாங்க. ஆரம்பிச்சுட்டாங்க. இங்கிலீஷ்லதான் போகும், நான் உங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். கவலைப்படாதீங்க.

இப்ப எல்லாரையும் வரவேத்துப் பேசறாங்க. நடுவுல உக்காந்திருக்காங்களே, வெள்ளை முடி, அவங்கதான் பரீட்சகரம்மா. ரொம்பக் கறாருன்னு பேரு. தீசிஸ் பூரா துண்டுச் சீட்டா ஒட்டி வச்சிருக்காங்க பாருங்க, அத்தனையும் கேள்வி.

அம்மணி வருது. புடவை நல்லாருக்குதுங்க. குரல் கொஞ்சம் நடுங்குது, கேட்டீங்களா? தண்ணியில ஈயம் எப்படிக் கலக்குது, அது குழந்தைகளை என்ன பண்ணும்னு சொல்லுது. இப்ப பொருளைச் செஞ்ச விதம். இது சோதனை. பச்சை. அடுத்தது கணக்கு... இருங்க, இருங்க. இது திரும்பப் போட்ட கணக்கு. இதுவும் பச்சை. கணக்குக் கோடும் சோதனைக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்திருக்குது பாருங்க. நல்லாத்தான் பண்ணியிருக்குது. இல்லேங்கலை. எங்க ஓட்டியிருக்குது? நம்ம சென்டர்லதான். என்ற டெம்ப்ளேட்டை விட்டுட்டு, மொத வரியில இருந்து தானே எழுதி ஓட்டியிருக்குது.

பரீட்சகரம்மா கேக்கறாங்க. கேக்கட்டும், கேக்கட்டும். பதில் சொல்லுது. இதுக்கும் சொல்லிருச்சு. இப்பக் குரல் நடுங்கலை, பார்த்தீங்களா.

இப்ப நம்ம முறைங்க. பார்வையாளர்கள் கேக்கலாம்னு சொல்லிட்டாங்க. கையை விடுங்க தம்பி. விடுங்கன்னா. எல்லாரும் பார்க்கறாங்க. உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க, ஆனா சயின்ஸ்ல முகதாட்சண்யம் கூடாது. குழந்தை முழிச்சுக்கப் போகுது, கையை விடுங்க.

"மேடம், ஒரு கேள்விங்க. பேருங்களா? அப்புறம் சொல்றேனுங்க, கேள்வியைக் கேட்டுடறேன். இவங்க முதல் பேப்பர்ல போட்டிருக்கற கணக்கு தப்புன்னு இவங்களே பொது எடத்துல சொல்லியிருக்காங்க. அந்தப் பேப்பர் இன்னிக்கு வரைக்கும் அப்படியே கெடக்குது. அதைத் திருத்தாம இவங்களுக்கு எப்படிப் பட்டம் குடுப்பீங்க? அவ்வளவுதானுங்க."

கேட்டுப்போட்டேன் தம்பி. பரீட்சகரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. நாயமான கேள்வின்னு சொல்றாங்க, கேட்டீங்களா? நாயமான கேள்வி! தில்லைநாயகி மேடம் மொகத்தைப் பாருங்க.

அம்மணி பேசுது. தப்பு நடந்தது உண்மைதானுங்குது. டெம்ப்ளேட்டு யாருது? பேரு சொல்லலை. நான் சரிபார்க்காம ஓட்டினேன், பொறுப்பு என்னுதுதானுங்குது. பார்த்தீங்களா, ஒத்துக்கிச்சு! எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிச்சு. இத்தனை நாளா நான் எதைச் சொன்னேன்?

இருங்க, இன்னும் என்னமோ சொல்லுது. பேப்பருக்குத் திருத்தம் எழுதி அப்பவே பத்திரிகைக்கு அனுப்பிருச்சாம். அனுப்பினா, பேரு இருக்கற எல்லாரும் சம்மதம்னு சொன்னாத்தான் போடுவோம்னுட்டாங்களாம். அம்மணி சொல்லிருச்சாம், மேடமும் சொல்லிட்டாங்களாம். மூணாவது ஆளுக்குத்தான் மெயில் மேல மெயில் போட்டு, இன்னும் பதில்...

அது வந்துங்க... என்னமோ பத்திரிகை சமாச்சாரம். உங்களுக்குப் புரியாதுங்க தம்பி. விடுங்க.

எத்தனை நாளா பதில் வரலைன்னு அந்தம்மா கேக்கறாங்க. குழந்தை குப்புற விழறதுக்கு முன்னால இருந்துங்க மேடம்னுது. எல்லாரும் சிரிக்கறாங்க. இதுல சிரிக்க என்ன இருக்குது?

யாரந்த மூணாவது ஆளுன்னு கேக்கறாங்க. அம்மணி இந்தப் பக்கம் பார்க்குது. தில்லைநாயகி மேடம் குனிஞ்சு பேப்பரைப் பார்க்கறாங்க. சொல்லாதம்மா. சொல்லிராத. "பெரியவருங்க மேடம், வேலை ஜாஸ்தி, பார்க்காம விட்டிருப்பாருங்க"ன்னுது. அப்பாடா. பரவால்லீங்க, மரியாதை தெரிஞ்ச புள்ளைதான்.

அந்தம்மா என்ற பக்கம் திரும்பிட்டாங்க. என்னங்க மேடம்? என்ற பேருங்களா? எதுக்குங்க? ஓ, ரிப்போர்ட்ல எழுதோணுமா. கேள்வி கேட்டவங்க பேரை எழுதோணுமா.

தம்பி. தம்பி, அந்த ஸ்கிரீனைப் பாருங்க. முதல் பேப்பரைப் போட்டு வச்சிருக்குது. மூணு பேரும் அத்தனை பெரிசாத் தெரியுது. இப்ப நான் என்ன பேரைச் சொல்றது? கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லலாமுங்களா? கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா?

ஏனுங்க எந்திரிக்கறீங்க? தம்பி, வேண்டாம். உக்காருங்க, தம்பி...

சொல்லிட்டீங்களே. "மேடம், அந்த தேர்ட் ஆத்தர் இவருதான், மிஸ்டர் வெள்ளியங்கிரி"ன்னு. இங்கிலீஷ்ல. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமுங்களா? இத்தனை நேரம் நான் பாட்டுக்குத் தமிழ்ல சொல்லிட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லலீங்களே நீங்க.

எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. யாரும் சிரிக்கலை. சிரிச்சாக்கூடப் பரவால்லீங்க. அந்தம்மா என்னையே பார்க்கறாங்க. திருத்தத்துக்கு உங்களுக்குச் சம்மதமா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லுங்கன்னு கேக்கறாங்க. அம்மணி கையில அந்த லேசர் வெளக்கு இருக்குதில்லீங்களா, அணைக்க மறந்துருச்சு. சிவப்புப் புள்ளி சுவத்துல கெடந்து ஆடுது.

"சம்மதமுங்க."

அவ்வளவுதான். எழுதிக்கிட்டாங்க. இப்பவே மெயில்லயும் ஒரு வரி அனுப்பிச்சுடுங்கன்னாங்க, இதோ அனுப்பிட்டேன். பட்டத்துக்குப் பரிந்துரை பண்றேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. கை தட்டுங்க தம்பி, நீங்க தட்டலீன்னா எப்படி? ஓ, குழந்தை தூங்குது. சரி, நான் தட்டறேன். அழுகுதே அம்மணி. சந்தோஷம் வந்தா அழுகைதான் வரும்.

பார்த்தீங்களா, இன்னிக்கு நான் மட்டும் வரலீன்னா? கடைசியில என்ற வாயில இருந்து சம்மதம்னு வந்தப்பறந்தான காரியம் ஆச்சு. மூணாவது பேருன்னா சும்மா இல்லீங்க. இதை மெயில்ல கேட்டா எப்படி? நேர்ல வந்து ஒரு வார்த்தை, "சார், ஒத்துக்குங்க"ன்னு கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? உங்க வீட்டுல பொறுமையாச் சொல்லுங்க. டைரக்டர் கேட்டா என்னைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. காண்ட்ராக்ட் சமாச்சாரம்.

என்னங்க? டெம்ப்ளேட்டா? அது அப்படியேதான் இருக்குதுங்க. இப்பப் போயி மாத்தினா தப்பு என்னுதுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமில்லீங்களா? தெரிஞ்சவங்க தெரிஞ்ச மாதிரி ஓட்டிக்குவாங்க. புதுசாச் சேர்ற புள்ளைங்க குரூப்புல பழசையெல்லாம் படிச்சுட்டா இருக்கப் போகுதுங்க? நேத்துக்கூட ஒரு புள்ளை, கோபிப் பக்கம், போன்ல ஒரே அழுகை. கணக்கு ஒண்ணு சொல்லுதாம், சோதனை வேற சொல்லுதாம். மெஷின் பொய் சொல்லாதும்மா, திரும்பப் பண்ணிப் பாருன்னு தைரியம் சொல்லி வச்சிருக்கேன்.

ஏனுங்க தம்பி, எதுக்கு என்னை அப்படிப் பார்க்கறீங்க?